பெண் வீட்டு விரால்கள்

மீன்கள் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்த ஊர் எங்களுடையது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள்; நாங்கள் சிரிப்பதில்லை, ஏனென்றால் அன்றைக்குப் பாயசம் கிடைக்காமல் போனது எங்களுக்குத்தான்.

எங்கள் ஊர் புன்னைவிளாகம். ஊருக்கு மேற்கே குளம், குளத்துக்கு மேற்கே மலை, மலைக்கு மேற்கே என்ன இருக்கிறதென்று யாரும் அக்கறைப்பட்டதில்லை. இந்த ஊரில் ஆறுமுகநயினார் என்று ஒருவர் கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்கிறார். பர்னரைக் கழற்றித் துடைத்து மாட்டினால் நீல நிறத்தில் சுவாலை வரும், கெட்டிக்காரர்தான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அவர் வந்துவிட்டுப் போன வீட்டில் அடுப்பு எரியும், கரண்டி இருக்காது.

அவர் திருடர் இல்லை. அவருக்குப் பொய் இரை செய்கிற பைத்தியம், அவ்வளவுதான். புழுவையும் தவளையையும் தூண்டிலில் மாட்டி மீன் பிடிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். மீனை ஏமாற்ற வேண்டும், அதுவும் நம் வீட்டுச் சாமானை வைத்து ஏமாற்ற வேண்டும், அதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்பார். எவர்சில்வர் கரண்டியின் காம்பை அறுத்து எறிந்துவிட்டு, குழியை மட்டும் வைத்துக்கொண்டு, ஓரத்தை அரத்தால் ராவி, இரண்டு முனையிலும் ஓட்டை போட்டு, ஒன்றில் நைலான் நரம்பும் மற்றதில் மூன்று முனை முள்ளும் மாட்டி, சாவிக்கொத்து வளையத்தால் இணைத்துத் தண்ணீரில் வீசி இழுத்தால் அது அடிபட்ட குஞ்சுமீன் தள்ளாடிப் போகிற மாதிரியே வயிற்றையும் முதுகையும் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டு போகும். சைக்கிள் டியூபை வெட்டித் தவளைக் கால் செய்வார், பற்பசைக் குழாயைப் பிரித்துச் செதில் செய்வார், மகளின் நகப்பாலிஷை எடுத்துச் செவுளுக்குச் சிவப்பு பூசுவார், மனைவியின் கண்மையால் கண் வைப்பார். விரால் பசிக்காகக் கடிப்பதைவிடக் கோபத்துக்காகக் கடிப்பதுதான் அதிகம், அதன் கண்ணெதிரே மினுக்கிக்கொண்டு போனால் அதற்குப் பொறுக்காது, இந்த விஷயத்தில் அது அப்படியே நம் சொந்தக்காரர்கள் மாதிரி என்று அவர் சொல்லும்போது சொந்தக்காரர்களும் பக்கத்திலேயே இருப்பார்கள்.

இப்படிச் சித்தி வீட்டுப் பாயசக் கரண்டி போனது, பெரியப்பா வீட்டுச் சுண்ணாம்பு டப்பா போனது, ஒன்றுவிட்ட தங்கையின் கொலுசு மணிகள் போயின, கடைசியில் மச்சினர் வீட்டுப் பாலாடையும் போனது. மற்றதையெல்லாம் மன்னிக்கலாம், பாலாடையை மன்னிக்க முடியாது. அது வெள்ளி. குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு நீண்ட அந்தப் பாலாடையில்தான் மச்சினர் ஐயம்பெருமாள் குடித்தார், அவர் தங்கை உலகம்மாள் குடித்தாள், அவளை ஆறுமுகநயினார் கட்டிக்கொண்டு பெற்ற மகள் பகவதியும் குடித்தாள். அடுப்பு ரிப்பேருக்குப் போன இடத்தில் பூஜை அலமாரியில் அதைப் பார்த்ததும் ஆறுமுகநயினாருக்குக் கை பரபரத்தது. இந்த மூக்கு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனால் என்னமாய் ஆடும்! ஒரே ஒரு தடவை வீசிப் பார்த்துவிட்டு அலமாரியிலேயே வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தார். நட்ட நடுவில் ஓட்டை போட்டு, முள் மாட்டி, வீசினார். குளத்தின் கிழட்டு விரால் ஒன்று வந்து பாலாடையைக் கவ்வி, நரம்பை அறுத்துக்கொண்டு போயே போய்விட்டது.

அன்றிலிருந்து ஐயம்பெருமாள் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவர் கோபம் கத்துகிற கோபம் அல்ல, மூலையில் மடித்து வைத்த ஜமுக்காளம் மாதிரி சத்தமில்லாமல் வருஷக்கணக்காகக் கிடக்கிற கோபம்.

இந்த நிலைமையில்தான் பகவதிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை திருமலைக்குமார், கடையநல்லூர்ப் பக்கம். பகவதி வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஊசிக்குப் பயந்து பயந்து வந்த பையன், பயம் தெளிந்த பிறகும் வந்துகொண்டிருந்தான். பையன் தங்கம். அவன் அம்மா குருவம்மாள்தான் முறை பார்க்கிறவள். நிச்சயதார்த்தத்தன்றே வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"பொண்ணுக்குத் தாய்மாமன் உண்டுல்லா? நம்ம பக்கத்துல தாய்மாமன் கைபிடிச்சுக் கூட்டியாராத பொண்ணை மேடையில ஏத்துற வழக்கம் கெடையாது, பாத்துக்கிடுங்க."

"உண்டு, உண்டு," என்றார் ஆறுமுகநயினார். உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பத்திரிகை வைக்கிற நாளும் வந்தது. எங்கள் ஊரில் போனில் சொன்னால் அழைப்பு ஆகாது, பத்திரிகையைத் தபாலில் போட்டாலும் ஆகாது. புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டுக்கு வந்து, தட்டில் குங்குமச்சிமிழும் வெற்றிலை பாக்கும் வைத்து நீட்டி, "குடும்பத்தோட அவசியம் வந்துரணும்" என்று வாய் திறந்து சொன்னால்தான் அழைப்பு. இருவரும் வீடு வீடாகப் போனார்கள். போன வீட்டிலெல்லாம் குங்குமத்தை எடுத்துக்கொண்டார்கள், காபி கொடுத்தார்கள், காபியில் சர்க்கரையை வேண்டுமென்றே பென்சிலால் கலக்கிக் கொடுத்தார்கள்.

"கரண்டி இல்ல பாரும்," என்றாள் சித்தி. "கல்யாணத்துக்கா? பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் எங்கள் ஊரில் வரமாட்டேன் என்று அர்த்தம். எல்லா வீட்டிலும் பாக்கலாம். ஐயம்பெருமாள் மட்டும் பாக்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை. தங்கையை உட்காரச் சொன்னார், விசிறியைப் போட்டார், குங்குமத்தைத் தொடாமல் தட்டை அப்படியே அவள் பக்கம் நகர்த்திவிட்டார்.

"பாலாடை என் வீட்டுக்கு வரட்டும் ஒலகு. நான் ஒன் வீட்டுக்கு வாரேன்."

"அண்ணே, பகவதி ஒங்க மடியில இருந்து காது குத்துன பிள்ள."

"அதனாலதான் சொல்லுதேன். அவ குடிச்ச பாலாடை அது."

வீட்டுக்கு வந்து உலகம்மாள் அழவில்லை, கத்தவுமில்லை. சமையலறையில் மிச்சமிருந்த கரண்டிகளையெல்லாம் அள்ளி, புருஷனின் பொய் இரைப் பெட்டியையும் சேர்த்து டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் குழம்பைச் சொம்பால் முகந்து ஊற்றினார்கள். பகவதி அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "யப்பா, எனக்கு மாமா வேணும். மேடைக்காகச் சொல்லல, எனக்கே வேணும்" என்று மட்டும் சொன்னாள்.  பெண்ணின் கல்யாணத்தைத் தான்தான் கெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று ஆறுமுகநயினாருக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

அந்தக் கிழட்டு விராலைப் பிடித்துவிட வேண்டும், அதன் வாயிலோ வயிற்றிலோ பாலாடை இருக்கும் என்று அவர் முடிவு செய்தார். ஆனால் கையில் ஒரு இரையும் இல்லை, புதுசாகச் செய்ய வீட்டில் ஒரு தகரத் துண்டும் இல்லை, எல்லாம் பெட்டிக்குள். கூடத்து மேசையில் அழைப்புத் தட்டு மட்டும் இருந்தது. குங்குமச்சிமிழின் பித்தளை மூடியை எடுத்தார். உள்பக்கம் குங்குமம் அப்பியிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. மீந்துபோன ஒரு பத்திரிகையின் தங்க ஜரிகை ஓரத்தை வெட்டி, செல்லோடேப் ஒட்டி, வால் வைத்தார். அவர் பார்த்தது பித்தளையின் மினுக்கத்தைத்தான். வாசல் வாசலாகப் போய் அவசியம் வந்துரணும், அவசியம் வந்துரணும் என்று சொல்லிச் சொல்லியே பழகிப்போன சிமிழ் அது என்பது அவருக்கு உறைக்கவில்லை.

குளக்கரையில் நின்று வீசினார். வீசும்போதெல்லாம் மீனிடம் பேசுவது அவர் வழக்கம்.

"வா ராசா, வா. எங்க போயி ஒளிஞ்சிருக்க? குடும்பத்தோட வா. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா."

வந்தன. முதலில் ஒரு ஜோடி விரால், பிறகு ஒரு ஜோடி கெண்டை, அதன் பிறகு மீசையை ஒதுக்கிக்கொண்டு ஒரு ஜோடி கெளுத்தி, அப்புறம் ஆரால், உளுவை, அயிரைக் கூட்டம் என்று ஜோடி ஜோடியாக வந்து, ஒன்றுகூட வாயைத் திறக்காமல், மூடியை நெற்றியால் ஒரு முறை தொட்டுவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தன. பின்னால் வருகிறவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கிக்கூடப் போயின. பொழுது சாயும்வரை இது நடந்தது. கடைசியில் நரம்பு லேசானது. இழுத்துப் பார்த்தால் முடிச்சு அவிழ்ந்திருந்தது, மூடியைக் காணோம். வீட்டுக்குப் போனதும் மூடியில்லாத சிமிழைப் பார்த்து உலகம்மாள் அவரை என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப்போவதில்லை.

மறுநாள் காலையில் மீன்காரி சவரியம்மாள் கூடையோடு நேராக அவர்கள் வீட்டுக்கு வந்து, கூடையை வாசலில் பொத்தென்று வைத்தாள்.

"எக்கா, ஒங்க வீட்டுச் சொந்தக்காரங்களக் கூடையில வச்சிக்கிட்டு நான் எப்பிடி ஏவாரம் பண்ணுவேன்?"

கூடையில் இருந்த ஒவ்வொரு மீனின் நெற்றியிலும் இரண்டு கண்ணுக்கும் நடுவே குங்குமப் பொட்டு. தண்ணீர் விட்டுக் கழுவியும், சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. உலகம்மாள் குனிந்து பார்த்தாள். கடைக் குங்குமமாக இருந்தால் சந்தேகப்படலாம். இது அவள் கையாலேயே மஞ்சளும் எலுமிச்சையும் சேர்த்து இடித்த, லேசாகக் கருத்த குங்குமம். அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"குடும்பத்தோட வாங்கன்னு சொன்னியளா?"

"சொன்னேன்."

"சிமிழ நீட்டிச் சொன்னியளா?"

"தூரத்துல வீசிச் சொன்னேன்."

உலகம்மாள் நிமிர்ந்தாள். "கூப்பிட்டாச்சு. கூப்பிட்டவங்களுக்கு எல போடணும். இவியளாவது பாக்கலாம்னு சொல்லாமக் குங்குமம் எடுத்துக்கிட்டாங்களே!" என்றாள். கூடையில் உயிரோடு துள்ளியவர்களைச் சவரியம்மாள் குளத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். மற்றவர்களுக்கு ஒரு நிமிஷம் மௌனமாக நின்றாள்.

அதன் பிறகு ஊர் இதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. மீன்கள் வருமா என்று ஒருவரும் கேட்கவில்லை, முறைப்படி அழைத்தால் வரத்தானே செய்வார்கள். எங்கள் கவலையெல்லாம் வேறு. எங்கே உட்கார வைப்பது? பெண் வீட்டுப் பக்கம்தான், அதில் சந்தேகமில்லை, ஆனால் முன் வரிசையா பின் வரிசையா? விராலையும் விராலுக்குப் பயந்த அயிரையையும் ஒரே அண்டாவில் வைக்கலாமா? சமையலுக்குப் பேசியிருந்த தவசுப்பிள்ளை மனிதர் நிதானமானவர், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: குளத்துக்காரங்க ரசத்துக்கு உப்பு எப்படிச் சேர்ப்பாங்க? கொஞ்சம் குறைச்சே போடுங்க, வேண்டியவங்க கேட்டு வாங்கிக்கிடட்டும் என்று டீக்கடையில் தீர்மானம் ஆனது. மண்டப மேனேஜர், தரை ஈரமானால் துடைக்க ஆள் வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

செய்தி கடையநல்லூருக்கும் போய்ச் சேர, குருவம்மாள் போனில் கூப்பிட்டாள்.

"மதினி, கல்யாணத்துக்கு மீன் வருதாமே? சைவச் சாப்பாடுன்னுல்லா பேசுனோம்?"

"சைவம்தான் மதினி. மீனு சாப்பாடா வரல, விருந்தாடியா வருது."

 "பொண்ணு வீட்டுப் பக்கமா?"

"எங்க பக்கம்தான்."

"நல்லது," என்றாள் குருவம்மாள், ஆனால் குரலில் ஒரு சுருக்கம் இருந்தது. தங்கள் பக்கத்தில் எவ்வளவு எண்ணிப் பார்த்தாலும் மனிதர்கள்தான் வரப்போகிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் ஒரு குறையாகத் தோன்றியிருக்க வேண்டும். "தாய்மாமன் வாராருல்லா?"

"பாக்கலாம்" என்று உலகம்மாள் வாயிலிருந்தே வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நல்ல மழை. குளத்து மடையிலிருந்து வருகிற வாய்க்கால் மண்டபத்தின் பின்பக்கம்தான் ஓடுகிறது. விடிந்ததும் அதில் வந்தார்கள். பெரியவர்கள் முன்னால், பிள்ளைகள் பின்னால். விரால்கள் ஈரச் சிமெண்டில் துடுப்பை ஊன்றி ஊன்றி யார் உதவியும் இல்லாமல் படியேறின. கெண்டைகளுக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் எங்கள் ஊர் ஆட்கள் வாளியில் ஏந்தி உள்ளே கொண்டுவந்தார்கள். வாசலில் நின்று பகவதியின் தோழிகள் பன்னீர் தெளித்தார்கள், எல்லாரும் அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். அண்டா, தவலை, பிளாஸ்டிக் தொட்டி, பக்கத்து வீட்டுக் குழந்தை குளிக்கிற பேசின் என்று நாற்காலிகளுக்கு நடுவே வைத்திருந்த எல்லாவற்றிலும் மரியாதையாக உட்கார்ந்து நாதஸ்வரம் கேட்டார்கள். ஜிலேபிக் கெண்டைகளை யாரும் அழைக்கவில்லை, அவற்றின் நெற்றியில் பொட்டும் இல்லை. ஆனாலும் வந்தன, காலைப் பலகாரத்தில் பாதியை அவைதான் தின்றன. எந்தக் கல்யாணத்திலும் அப்படி நாலு பேர் இருப்பார்கள்.

வந்தவர்கள் வெறும் வாயோடு வரவில்லை. ஆளுக்கொரு பொருளைக் கவ்விக்கொண்டு வந்து மேடைக்குக் கீழே வைத்தார்கள்: பாசி படிந்த கரண்டிக் குழி, துருப்பிடித்த ஊக்கு, சுண்ணாம்பு டப்பாவின் மூடி, கொலுசு மணி. இத்தனை வருஷமாக ஆறுமுகநயினார் குளத்தில் தொலைத்த பொய் இரைகள் எல்லாம் சீர்வரிசையாகத் தாம்பாளத்தில் குவிந்தன.

பெண் வீட்டுப் பக்கம் காலியாகக் கிடக்கிறது, நாம் இல்லாமல் எப்படி நாறுகிறது பார் என்று வீட்டிலேயே இருந்த சொந்தக்காரர்களுக்கு, பெண் வீட்டுப் பக்கம் உட்கார இடமே இல்லை என்ற சேதி போனதும் இருப்புக் கொள்ளவில்லை. பட்டுப்புடவையை அவசரமாகச் சுற்றிக்கொண்டு சித்தி ஓடிவந்தாள். "இது எங்க வீட்டுப் பாயசக் கரண்டிலா!" என்று தாம்பாளத்திலிருந்து குழியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், பிறகு ஒரு கெளுத்தியிடம் "செத்த தள்ளி இரும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக எல்லாரும் வந்துவிட்டார்கள்.

ஐயம்பெருமாள் மட்டும் வரவில்லை. அவர் மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் இருந்தார். புதுச் சவரம், பட்டுக்கரை வேட்டி, தோளில் அங்கவஸ்திரம். தற்செயலாக டீ குடிக்க வந்தவர் நேற்றைய பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் கண் எல்லாம் மண்டப வாசலில்தான்.

முகூர்த்தம் நெருங்கியது. மாப்பிள்ளை மேடையில் உட்கார்ந்துவிட்டான். மணப்பெண் அறை வாசலில் பகவதி மாலையோடு நின்றாள். குருவம்மாள் எழுந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"தாய்மாமன் எங்க?"

நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார். அண்டாக்களில் தண்ணீர் அசையவில்லை. உலகம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், ஆறுமுகநயினாருக்குத் தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அந்த நேரத்தில் பின்வாசல் படியில் ஈரச் சத்தம் கேட்டது. கடைசி விருந்தாளி, நடக்க முடியாமல் நடந்து, மூச்சு வாங்க வாங்க வந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே அதன் பெண்டாட்டி. கறுத்துப் பருத்த அந்தக் கிழட்டு விராலின் உதட்டில் ஆறுமுகநயினாரின் மூன்று முனை முள், முள்ளில் பாலாடை. இத்தனை வருஷமும் அதைப் புல்லாக்கு மாதிரிப் போட்டுக்கொண்டே குளத்தில் திரிந்திருக்கிறது. நேராகப் பகவதியின் காலடிக்கு வந்து நின்றது.

ஆறுமுகநயினார் பட்டு வேட்டியோடு ஈரத்தில் மண்டியிட்டார். அடுப்பு ரிப்பேர்க்காரர், கல்யாணத்தன்றும் அவர் இடுப்பில் குறடு இருந்தது. முள்ளின் முனையை நசுக்கி, உதடு கிழியாமல் மெல்லத் திருகி எடுத்தார். விரால் அசையவில்லை.

"வலிச்சிருக்கும். தெரியாமச் செஞ்சிட்டேன். மன்னிச்சுக்கிடுங்க," என்றார். 

அவர் விராலிடம் பேசுகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். நிமிர்ந்து பார்த்தபோது, நாதஸ்வரம் நின்றதும் டீக்கடையிலிருந்து எழுந்து வந்துவிட்ட ஐயம்பெருமாள் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார், கையில் நேற்றைய பேப்பரோடு. ஆறுமுகநயினார் எழுந்திருக்காமலே பாலாடையை அவரிடம் நீட்டினார். ஐயம்பெருமாள் வாங்கினார், பாசியை அங்கவஸ்திரத்தால் துடைத்தார், தூக்கிப் பிடித்து நடுவிலிருந்த ஓட்டை வழியாக மண்டபத்து விளக்கைப் பார்த்தார்.

"ஓட்ட போட்டுட்டீரே, மாப்ளே," என்றார். வருஷக்கணக்கில் அவர் தங்கை புருஷனிடம் பேசிய முதல் வார்த்தை அது. பிறகு பாலாடையை மடியில் கட்டிக்கொண்டு பகவதியின் பக்கம் கையை நீட்டினார். "ஏட்டி, வா. நேரமாச்சு."

பகவதி அழுதுகொண்டே சிரித்தாள். கெட்டிமேளம் கொட்டியபோது எல்லா அண்டாவிலும் ஒரே நேரத்தில் வால்கள் தண்ணீரை அடித்தன, முன் வரிசையில் குருவம்மாள் நனைந்துபோனாள், அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பந்தியில் இலைகளைத் தண்ணீரின் மேலேயே மிதக்கவிட்டுப் பரிமாறினார்கள். பாயசத்தில் தவசுப்பிள்ளை கணக்குத் தப்பிவிட்டார். விரால்கள் இவ்வளவு இனிப்புப் பிரியர்கள் என்று அவருக்கு யார் சொல்லியிருக்க முடியும்?

அதற்கப்புறம் எங்கள் ஊரில் குளத்து மீனைச் சாப்பிடுவதில்லை. உறவாகிவிட்ட பிறகு எப்படிச் சாப்பிடுவது? சவரியம்மாள் தூத்துக்குடியிலிருந்து கடல் மீன் வாங்கி வந்து விற்கிறாள். சீலா மீனுக்கும் நமக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உலகம்மாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து கரண்டிகளை வெளியே எடுத்துவிட்டாள். ஆறுமுகநயினார் மட்டும் பாவம், சாயங்காலம் ஆனால் கை சும்மா இருக்காமல் குளக்கரையில் போய் உட்கார்ந்து, தலை தூக்குகிற விராலுக்கெல்லாம் வணக்கம் போட்டுவிட்டு வருவார். பொய் இரைப் பெட்டி பரணில் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார், அவரைப் பார்த்து உலகம்மாளும் விடுவாள்.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு நாள் விடிகாலை, கோலம் போட வாசலைத் திறந்த உலகம்மாள் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். வாசற்படிக்குக் கீழே ஓடையில் அந்தக் கிழட்டு விராலும் அதன் பெண்டாட்டியும் அருகருகே இருந்தார்கள். படியில் ஓர் ஆம்பல் இலை விரித்திருந்தது. இலைமேல் அவளுடைய குங்குமச்சிமிழின் மூடி, அதற்குள் குழைத்த செம்மண்.

"என்னங்க, இங்க வாங்க," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "புருஷனும் பெண்டாட்டியுமா வந்திருக்காங்க."

இருவரும் குனிந்து ஆளுக்கொரு சிட்டிகை செம்மண் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். விரால்கள் திரும்பிப் போயின. என்ன விசேஷம் என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. குளத்தின் வடக்கு மூலையில் புதுசாகப் பொரித்த விரால் குஞ்சுகள் சிவப்புப் பந்தாகச் சுழன்றுகொண்டிருப்பதை ஊரே பார்த்திருந்தது. வயசான காலத்துப் பிள்ளைகள். பால் புகட்டிப் பெயர் வைக்கிற விசேஷமாகத்தான் இருக்கும். நம் வீட்டுக்கு வந்தவர்கள் வீட்டுக்கு நாம் போகாமல் இருக்க முடியுமா? போகலாமா என்று யாரும் கேட்கவில்லை. பட்டுப்புடவை நனைந்தால் சாயம் போகுமா என்றுதான் கேட்டுக்கொண்டார்கள். கடையநல்லூரிலிருந்து குருவம்மாள், தங்களுக்குத் தனியாகத் தட்டு வைக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டே முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

பிள்ளைகளைப் பார்க்க வெறும் கையோடு போகக்கூடாது. ஆறுமுகநயினார் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, ஒவ்வொரு இரையிலிருந்தும் முள்ளைக் கத்தரித்துப் போட்டார். கரண்டி மீன், டியூப் தவளை, பற்பசைச் செதில், எல்லாம். முள் போனதும் அவை வெறும் விளையாட்டுச் சாமான்களாகிவிட்டன. அப்போதுதான் அவை எவ்வளவு அழகாக இருக்கின்றன என்று உலகம்மாளுக்கே தெரிந்தது, அதை அவரிடம் சொல்லவும் செய்தாள்.

ஊரே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றது. பகவதியும் திருமலைக்குமாரும் இரைகளைத் தண்ணீரில் விட, சிவப்புக் குஞ்சுகள் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தன. கிழட்டு விராலும் பெண்டாட்டியும் எல்லாரையும் பார்த்தபடி ஒதுங்கி இருந்தார்கள். ஆனால் யாரோ வர வேண்டியிருந்தது, அதனால் எல்லாரும் காத்திருந்தோம்.

ஐயம்பெருமாள் கரையிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டாமலே இறங்கி வந்தார். ஒரு கையில் பால் செம்பு, இன்னொரு கையில் பாலாடை.

"அத்தான், அதையா கொண்டாந்திய?" என்றார் ஆறுமுகநயினார்.

"பொறந்த பிள்ளைக்கு வேற எதுல குடுக்கச் சொல்லுதீரு?"

செம்பைச் சாய்த்து, தண்ணீரை ஒட்டிப் பிடித்திருந்த பாலாடையை நிறைத்தார். நிறைந்த பால், நடுவில் இருந்த ஓட்டை வழியாக ஒழுகத் தொடங்கியது. ஐயம்பெருமாள் தங்கை புருஷனைப் பார்த்தார். ஆறுமுகநயினார் கிட்டே வந்து, தண்ணீருக்குள் கையை விட்டு, பாலாடைக்கு அடியில் தன் ஆட்காட்டி விரலால் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டார்.

"இப்ப ஊத்துங்க அத்தான்," என்றார்.

ஐயம்பெருமாள் மெல்லச் சாய்த்தார். பால் சிந்தாமல் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.